வாலில்லா விமானி

மேடையில் வீற்றிருக்கும் கிளைடர் மன்றத் தலைவர் திருமதி ரூபா அவர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் தங்கை திருமதி அலமு சந்திரமோகன் அவர்களே, படகுத்துறை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே, மாயாபந்தர் தீவு மக்களே, வணக்கம்!

நம் மன்றத்தின் செயலாளர், 'வாலில்லா விமானி' சந்திரமோகன், போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இதைவிட வேடிக்கை உண்டா? பதினெட்டு ஆண்டுகள் அவரோடு மல்லுக்கு நின்றவன் இந்த ஹார்டுவேர் கடை சொக்கலிங்கம்!

எதற்காக மல்லுக்கட்டு? வாலுக்காக! கடற்காற்று குன்றில் மோதி மேலே எழுகிறதே, அந்தக் காற்றை மட்டும் நம்பி, எஞ்சின் இல்லாமல் மிதக்கும் சின்ன விமானம்தான் கிளைடர். ரிமோட்டால் திருப்புகிறோம். என்னுடையதற்கு நீண்ட உடலும் வாலும் உண்டு. நிதானமாகப் போகும், கை தவறினாலும் தானே சமாளித்துக்கொள்ளும். அவருடையது வெறும் இறக்கை. "தலையும் இல்ல, வாலும் இல்ல, இது என்னப்பா?" என்பேன். "வால் வெச்சவங்கதான் அண்ணாச்சி, அத ஒடச்சுக்கிட்டு மெயின்லேண்ட் கப்பலுக்குக் காத்துக்கிடக்காங்க" என்பார்.

பொய்யா சொன்னார்? என் வால் உடைந்தால் பால்சா என்கிற லேசான மரம் கப்பலேறி வர வேண்டும். அவருக்கு என்ன வேண்டும்? படகுத்துறையில் தூக்கிப் போட்ட தெர்மாகோல் மீன்பெட்டி, பழுப்பு டேப், மூக்குக்கு எடையாக வலையில் கட்டுகிற நாலு ஈயக்குண்டு! போன ஜனவரியில் நம் கிளைடர் விழாவுக்கு மெயின்லேண்ட் குழு ஒன்று உயர்ந்த ரக கிளைடர்களோடு வந்ததே, நினைவிருக்கிறதா? காற்று வலுத்ததும் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். நானும் என்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சந்திரமோகனின் மீன்பெட்டி மட்டும் நாற்பது நிமிடம் அந்தக் காற்றில் நின்று விளையாடியது! "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டார்கள். "சூரை மீன் கம்பெனி" என்றார். முகர்ந்து பார்த்த பிறகுதான் நம்பினார்கள்!

அன்றைக்கே அனுமதிக் கடிதத்தைச் சரிபார்க்க ஒரு போலீஸ்காரர் வந்தார். கடிதத்தில் 'விளையாட்டு விமானம்' என்று இருந்தது. அவர் அந்த இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இஸ்கா பூஞ்ச் கிதர் ஹை?" இதன் வால் எங்கே என்று கேட்கிறார்! சந்திரமோகன் அசரவில்லை. என்னைக் கைகாட்டி, "வோ கடா ஹை, சாப்!" என்றார். அதோ நிற்கிறதாம்! குன்றே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தேன். அவர் பாய்வார், நான் இழுத்துப் பிடிப்பேன். தலைகுப்புற விழாமல் பார்த்துக்கொள்வேன். அது வாலின் வேலைதானே?

ஒரே ஒருமுறை அவருடைய இறக்கையை நான் ஓட்டினேன். வாலுள்ளதை ஓட்டிப் பழகிய கை அல்லவா! ரிமோட்டின் குச்சியைத் தாராளமாக இழுத்தேன். அது குட்டிக்கரணம் போட்டுத் தென்னை மரத்தில் மோதியது. "இனி இதைத் தொட்டா என் பேரு சொக்கலிங்கம் இல்ல!" என்று எல்லார் முன்னாலும் சபதம் போட்டேன். அவர் டேப் ஒட்டி, ஐந்தே நிமிடத்தில் அதை மறுபடி பறக்கவிட்டார்.

இதோ, மேஜைமேல் இருக்கிறது பாருங்கள், அவர் கடைசியாகச் செய்த இறக்கை. நேற்று தங்கை அலமு இதைக் கடைக்கு எடுத்துவந்தார். "அண்ணாச்சியோட சபதத்த ஒடைக்கத்தான் இதச் செய்யிறேன்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார். ரிமோட்டை அசைத்துப் பார்த்தேன். குச்சியை முழுக்க இழுத்தும், இறக்கையைத் திருப்புகிற பின்விளிம்பு மடல்கள் கொஞ்சமே அசைந்தன. என் முரட்டுக் கைக்காகக் குறைத்து வைத்திருக்கிறார்! அடிப்பக்கம் பென்சிலில் இரண்டே சொற்கள்: 'அண்ணாச்சி கைக்கு'. கடையை அடைத்துவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

இப்படி ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார் என்று சொல்ல எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அவர் தொடங்கிய ஜனவரி விழா நிற்காது. மீன்பெட்டிகள் வீணாகாது. இது உறுதி!

நாலு மணிக்குக் காற்று எழும். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் குன்றுக்கு வாருங்கள். இந்த இறக்கையை நான் பறக்கவிடப் போகிறேன். சபதம் சபதம்தான், மீறியவன் தண்டனையை ஏற்க வேண்டும். இன்று முதல் என் பேர் சொக்கலிங்கம் இல்லை. "சந்திரமோகனின் வாலே!" என்று கூப்பிடுங்கள். நெஞ்சை நிமிர்த்தித் திரும்பிப் பார்ப்பேன்!