துணி கட்டிய கத்தரிக்காய்

உப்பில் போட்டால் ஒரு வருஷம் இருக்கும். சாம்பலில் போட்டால் பேத்தி காலத்துக்கும் இருக்கும். இரண்டும் ஒரே செடியில் வந்ததுதான். அது என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

மில் சங்கு ஊதினால்தான் ஊருக்கே விடியும் என்றிருந்த காலம் அது. வைகைக்குத் தெற்கே ஒரு டவுனில், பஞ்சு மில்லுக்குப் பின்னால், பதினோரு வீட்டு லைன் என்று ஒரு சந்து இருந்ததாம். ஓட்டு வீடுகள், ஒட்டி ஒட்டி. பதினோரு வீட்டுக்கும் ஒரே குழாய். நாலாம் வீட்டில் தவசி என்று ஒருத்தன். மில்லில் பாய்லருக்கு விறகு போடுகிற வேலை. அவன் பெண்சாதி இருளாயி. ஒரே மகள் பூரணம், ஏழு வயசு.

இருளாயி வாக்கப்பட்டு வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது ஒரு பிடி கத்தரி விதையாம். நிலம் ஏது? தவசி ஓட்டைக் குடத்தைப் பார்த்தான், மண் நிரப்பினான். உடைந்த தகர டின்னைப் பார்த்தான், மண் நிரப்பினான். பாய்லர் சாம்பலை வேட்டியில் கட்டிவந்து செடிக்குத் தூவினான். பாத்திரம் கழுவின தண்ணீரைப் பாய்ச்சினான். வாசலெல்லாம் கத்தரியாம்!

ஏழாம் வீட்டுச் சங்கிலிக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன மச்சான், பகல்ல மில்லு, சாயங்காலம் வெள்ளாமையா? ஏர் மாடு எங்க கட்டுவே, குழாயடியிலயா?"

"உன்னையப் பூட்டிக்கிறேன் மாப்ளே, மாடு எதுக்கு?" என்பானாம் தவசி.

காய்த்ததைத் தின்றது போக மிச்சத்தை அரிந்து, உப்பும் மஞ்சளும் போட்டு அரை வேக்காடு வேகவைத்து, ஓட்டு மேல் பாய் விரித்துக் காயவைப்பார்கள். காக்கா ஓட்டுவது பூரணம், மற்றதெல்லாம் தவசி. பறித்தான், அரிந்தான், உப்பில் போட்டான். பானை பானையாக வத்தல். பார்த்துப் பார்த்து மற்ற பத்து வீட்டுக்காரர்களும் நாற்று வாங்கி வைத்தார்களாம். சங்கிலியும்தான்.

அப்படியிருக்க, ஒரு வருஷம் மில்லைப் பூட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தவசிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "இருக்கிற காயெல்லாம் பறிங்கப்பா! ஒண்ணு விடாமப் பறிங்க!" என்று வீடு வீடாகச் சொன்னான். பறித்தான், அரிந்தான், உப்பில் போட்டான். பழுக்கட்டும் என்று விதைக்கு விட்டிருந்த காயையும் பறித்தான். பரணில் சாம்பல் கலயத்தில் இருந்த பழைய விதையை ஏற்கெனவே எல்லாருக்கும் கொடுத்து முடித்திருந்தான். அது அப்போது அவன் நினைப்பில் இல்லையாம்.

பேச்சு வந்தபடியே மில்லைப் பூட்டினார்கள். பதினோரு வீட்டுக்கும் ஒரே கஞ்சிப் பானை, தொட்டுக்க வத்தல். இரண்டு மாதம் ஓடியது. செடிகள் காய்ந்தன. மறுபடி விதைக்கலாம் என்று கலயத்தைக் கவிழ்த்தான் தவசி. சாம்பல்தான் விழுந்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? வத்தலைப் பிய்த்து, உள்ளே இருந்த விதையை எடுத்து ஊன்றினான். பத்து நாள் தண்ணீர் ஊற்றினான். ஒன்றும் எட்டிப்பார்க்கவில்லை.

"உப்புல வெந்த விதை முளைக்குமா மச்சான்? பாய்லர்ல வேலை பாக்குற உனக்குத் தெரியாதா, வெந்தா என்ன ஆகும்னு?" என்றான் சங்கிலி. அன்றைக்கு அதற்கு யாரும் சிரிக்கவில்லையாம். இருளாயியின் ஊரிலும் மழை பொய்த்து, அங்கேயும் விதை இல்லை.

மிச்சம் ஒரே ஒரு செடி. குழாயடிக் கல்லிடுக்கில் தானாக முளைத்தது. பூரணம் முகம் கழுவுகிற தண்ணீரை அதன் தலையிலேயே விட்டு வளர்த்தாள். அதில் ஒரே ஒரு காய், உள்ளங்கை அளவு. செடியோ அடியிலிருந்து வாட ஆரம்பித்திருந்தது. இன்னொரு காய் வராது.

அந்த வாரம் வத்தல் பானையும் காலி. பிள்ளைகள் வெறும் கஞ்சியைத் தள்ளிவைத்து அழுதன.

"அந்தக் காயைச் சுட்டுப் பிசைஞ்சா ஆளுக்கொரு வாய் வருமே அண்ணே" என்றாள் சங்கிலி பெண்சாதி.

"இன்னும் இருபது நாள் விட்டா மஞ்சளாப் பழுக்கும் தாயி. விதை எடுக்கலாம்" என்றான் தவசி.

"இருபது நாள் பிள்ளைக வாயைத் தைக்கவா?"

பறிக்கச் சொன்னது அவன். விதையை வெந்துபோக விட்டது அவன். இனி எந்த வாயால் 'விடு' என்பான்? மகளிடம் போய்க் குந்தினான்.

"அப்பன் ஒரு தடவ தப்பாச் சொல்லிட்டேன் ஆத்தா. இது நீ வளத்தது. பறிக்கிறதா, விடுறதா? நீயே சொல்லு. யாரும் வாயைத் தொறக்கக் கூடாது."

பதினோரு வீடும் குழாயடியில் நின்றது. பூரணத்துக்கும் பசிதான். முந்தின நாளும் வெறும் கஞ்சிதான் குடித்திருந்தாள்.

அவள் யோசிக்கட்டும். அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் ஒன்றரை மாதத்தில் மில் திறந்ததாம். மில் போய், ஓடு போய், இன்று அங்கே மாடி வீடுகள். மொட்டை மாடியில் பெயிண்ட் டப்பாவில் இப்போதும் அதே கத்தரிதான். முதல் காய் வந்ததும் வீட்டிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, "பறிக்கிறதா, விடுறதா?" என்று கேட்பார்கள். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. விடுகிறேன் என்றால் காம்பில் துணி கட்டுவார்கள். துணி கட்டின காயைத் திருடன்கூடத் தொடமாட்டான் என்பார்கள். பழுத்ததும் விதையைச் சாம்பல் கலயத்தில் போட்டுவைத்து, புதிதாகக் குடிவருகிற வீட்டுக்கு ஒரு பிடி கொடுப்பார்கள். வத்தல் உப்புக்கு, விதை சாம்பலுக்கு. விடுகதையும் அவிழ்ந்தது.

சரி, பூரணம் என்ன செய்தாள்?

பாவாடை ஓரத்தைக் கிழித்தாள். காம்பில் கட்டினாள். கஞ்சிக்கு உப்புக்கல்லைத் தொட்டுக்கொண்டாள்.