பூவம்மாளுக்குக் கொடுத்த வலி மருந்தின் அளவு குறித்து

என் பெயர் இருதயராஜ், வயது 73, தகப்பனார் காலஞ்சென்ற சவரிமுத்து. ஆம்பூர் ரயில் நிலையத்தின் பின்புறத் தெருவில் குடியிருக்கிறேன். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பேசினால் எனக்குத் தடுமாறும் என்பதால், உதவி ஆய்வாளர் ஷஹீன் பானு அவர்களின் அனுமதியோடு என் கையால் எழுதித் தருகிறேன். சொல்ல இருப்பவை:

1. என் மனைவி பூவம்மாளுக்கு இரண்டு வழிகளில் வலி மருந்து கொடுக்கப்பட்டது.
2. ஞாயிறு மாலை அவள் நினைவிழந்தாள்.
3. தோல் வழியாகப் போகும் மருந்தின் அளவு மாறாதது. ஆகவே கூடுதல் மருந்து வாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.
4. வாய் மருந்தைக் கொடுத்தவர் வீட்டுக்கு வரும் செவிலியர் சௌந்தர்யா.

சௌந்தர்யா இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதுவதைப் பார்த்துத்தான் அவரைக் கைது செய்வதா என்று முடிவாகும் என அறிகிறேன்.

என் மனைவிக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது. வேலூர் மருத்துவர் முதுகில் ஒட்டும் பேட்ச் எழுதிக் கொடுத்தார். அது மணிக்கு 25 மைக்ரோகிராம் மருந்தைத் தோலுக்குள் விடும். மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். அதையும் மீறி வலித்தால் வாய் வழியாக மார்ஃபின் திரவம் 5 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லியில் 10 மில்லிகிராம் என்றிருந்தது. ஆகவே இரண்டரை மில்லி. சந்தேகப்பட்டு மறுபடியும் கணக்குப் போட்டேன்; அதேதான் வந்தது.

ஞாயிறு காலை சௌந்தர்யா புதிய பேட்ச் ஒட்டினார். மதியம் வலி அதிகமானதால் ஊசியில்லாத சிரிஞ்சில் திரவத்தை அளந்து கன்னத்தின் ஓரமாக விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு வியர்வையில் பேட்ச் ஓரம் பிரிந்தது. ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் வேலை பார்க்கும் என் மகன் கௌதம் அதைப் பார்த்தான்.

"சூடு காட்னாதான்பா பசை புடிக்கும். தெனமும் அதான செய்றோம்" என்றான்.

"இன்னாடா, என் முதுகு உனக்கு சோலு மாதிரி தெரியுதா?" என்று அவள் சிரித்தாள். "நல்லா அழுத்து. பிரிஞ்சா கம்பெனிக்கே ரிட்டன் அனுப்பிடுவேன்."

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, பேட்ச் மேல் வைத்துக் கட்டினான். ஆறியதும் மாற்றி வைத்தான். அதன் பிறகு அவள் முனகாமல் தூங்கினாள். எனக்கு நிம்மதியாக இருந்ததால் எழுப்பவில்லை. மாலையில் காபி கொண்டுபோனபோது உதடு நீலமாக இருந்தது. அவள் ஒரு மூச்சு விட்டபின் அடுத்த மூச்சுக்காக நான் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் வேலூர் கொண்டுசென்றோம். வலி மருந்து அளவுக்கு மேல் உடலில் சேர்ந்துவிட்டது என்றார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. மருத்துவமனைக்கு ஓடி வந்த சௌந்தர்யாவை என் மகன் வழிமறித்தான்.

"எங்கம்மாவுக்கு இன்னா ஊத்தின? எவ்ளோ ஊத்தின?"

"ரெண்டர மில்லிதான்ணா. சார் எதிர்லதான் அளந்தேன்."

நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அவன் புகார் கொடுத்தான்.

இதுவரை எழுதி முடித்தபோது உதவி ஆய்வாளர் மருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் மேசை மேல் வைத்து, "சார், நீங்க படிச்சவரு. எவ்ளோ கொறைஞ்சிருக்குன்னு அளந்து சொல்லிடுங்க" என்றார். அவர் எதிரிலேயே அளந்தேன். நூறு மில்லி பாட்டில். திறந்ததிலிருந்து நான்கு முறை சௌந்தர்யா கொடுத்தார். நான்கு முறையும் நான் பக்கத்தில் இருந்தேன். பத்து மில்லி போக தொண்ணூறு இருக்க வேண்டும். தொண்ணூறு இருக்கிறது.

வாய் வழியாகக் கூடுதலாக எதுவும் போகவில்லை.

மணிக்கு 25 என்பது உடம்பின் இயல்பான சூட்டுக்குச் சொன்ன அளவு. சூடு கூடினால் மருந்து தோலுக்குள் வேகமாகப் பரவும். வெப்பத்தால் பரவல் கூடும் என்பதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். "ஒட்டின எடத்துல சூடு படாம பாத்துக்கோங்க சார்" என்று முதல் நாளே சௌந்தர்யா என்னிடம் சொல்லியும் இருந்தார். தோலில் கொப்புளம் வரும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். துண்டு சுற்றியிருந்ததால் மகனைத் தடுக்கவில்லை. அவனிடம் அதை யாரும் சொல்லவில்லை.

வேறு தாளில் திருத்தி எழுதலாம் என்றார்கள். வேண்டாம், எழுதியது அப்படியே இருக்கட்டும். இதைப் படித்துக் காட்டும்போது கௌதமும் உள்ளே இருக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அவனிடம் தனியாக இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எண் 3 தவறு. மற்றவை நான் அறிந்தவரை உண்மை; யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை.

(ஒப்பம்) ச. இருதயராஜ்