காய்ச்சலுக்குக் காவல் நின்றவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, வார்டிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கும் செவிலியர்களே, நோயிலிருந்து மீண்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

நம் புற்றுநோய்ப் பிரிவின் தலைவர் அம்மையாரை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. 'கிருமி டாக்டர்' என்று அவரைக் கேலி செய்யாதவர் நம்மில் யார்? வைத்தியத்துக்கு வருகிறவருக்கு வைரஸை ஏற்றுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்போம்?

புற்றைக் கொல்லும் வைரஸை ஒரே ஒரு கட்டியில் செலுத்துவார். மற்றவற்றைத் தொடவே மாட்டார். அந்தக் கட்டி உடைய உடைய, உடம்பு எதிரியை அடையாளம் கண்டுகொள்ளும். பரவிய இடமெல்லாம் தேடிப்போய் அடிக்கும். அதுதான் அவர் நம்பிக்கை. "மத்ததை ஏன் விட்டீங்க, மருந்து தீர்ந்துபோச்சா?" என்று சண்டைக்கு வந்தார் ஒரு தையல்காரர்.

"அது உங்க உடம்பு செய்யவேண்டிய வேலைங்க. நான் அதை எழுப்பித்தான் விட முடியும்" என்றார் அம்மையார்.

அன்று மாலையே தையல்காரருக்குக் காய்ச்சல் கொதித்தது. பணியிலிருந்த டாக்டர் பழக்கதோஷத்தில் ஸ்டீராய்டு ஊசியை எடுத்துவிட்டார். போட்டிருந்தால் காய்ச்சலோடு, விழித்துக்கொண்ட எதிர்ப்புச் சக்தியும் அடங்கிப்போயிருக்கும். அம்மையார் கட்டிலுக்குக் குறுக்கே நின்றார்.

"பிரஷர் விழுந்தா நானே போடச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

அவருக்குப் பயமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயந்துகொண்டேதான் நின்றார். சில வாரங்களில் தையல்காரருக்கு, ஊசியே படாத நுரையீரல் கட்டிகள் கரைந்திருந்தன. எல்லோருக்கும் அப்படி நடந்ததா? இல்லை. நடக்காதவர்களின் வீட்டுக்கும் அவர்தான் முதலில் போனார்.

இயக்குநர் அவர்களே, இனி ஒருவருக்கு ஆபத்து வந்தாலும் இந்த வைரஸ் சிகிச்சை ஆய்வை மூடிவிடுவேன் என்று நேற்று சொன்னீர்கள். அது உங்கள் பொறுப்பு, குறை சொல்ல மாட்டேன். இன்று காலை ஒரு பஸ் ஓட்டுநருக்கு ஊசி போட்டோம். அம்மையார் இல்லாமல் நாங்கள் போட்ட முதல் ஊசி. அந்த ஓட்டுநருக்கு உடம்பெங்கும் புற்று பரவியிருக்கிறது. வேறு வைத்தியம் எதுவும் பாக்கியில்லை.

மன்னிக்கவும். வாசலில் செவிலியர் கையசைக்கிறார். என்னம்மா, உரக்கச் சொல்லுங்க.

"டிரைவருக்குக் குளிர்காய்ச்சல் தூக்கி அடிக்குது டாக்டர். ஸ்டீராய்டு போடட்டுமான்னு கேக்குறாங்க."

பிரஷர்?

"இப்போதைக்கு விழாம நிக்குது."

நான் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கச் சொல்லுங்க. விழுந்தா மட்டும் போடட்டும்.

சபையோரே, அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்ற உறுதிமொழி இந்தத் தாளில் இருக்கிறது. வேறு யாராவது படித்துவிடுங்கள். இயக்குநர் அவர்களே, அம்மையார் படத்துக்கு மாலை போட்டாயிற்றல்லவா? என்னோடு வார்டுக்கு வாருங்கள். மூடுவதென்றால் அந்த மனிதரைப் பார்த்துவிட்டு மூடுங்கள்.