கொஞ்சம் கை நடுங்கும்

எனக்குக் கோபமே வராது, ஐயா. வீட்டில்கூட அதைத்தான் ஒரு குறையாகச் சொல்வார்கள். பல் டாக்டர்களுக்குப் பீங்கான் பல் செய்து கொடுக்கிற தொழில் என்னுடையது. வேலைக்கு நம் ஊரிலிருந்து ஒரு தம்பியை என் செலவில், என் பெயரில் விசா வாங்கி வரவழைத்தேன். மெல்லிய பிரஷ்ஷால் அவன் நிறம் ஏற்றினால் நிஜப் பல் வெட்கப்படும். அப்படி ஒரு கை.

கஷ்டம் என்னவென்றால், நான் கொடுத்த விசாவில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. பெரிய கம்பெனிகள் கொடுப்பதில் முடியும். அவனுக்கு ஊரில் மனைவியும், இப்போதுதான் பேச்சு வருகிற ஒரு மகளும். பிள்ளை போனில் அவனை "மாமா" என்று கூப்பிட்டதாம். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை, வெளியே வேலை தேட ஆரம்பித்துவிட்டான்.

அவனை வேலைக்கு எடுக்கப்போகிறவர்கள் என்னிடம் விசாரிக்கத்தானே செய்வார்கள். நான் இல்லாததும் பொல்லாததும் சொல்கிற ஆளில்லை. "தங்கமான பையன், தாராளமா எடுத்துக்கங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கை நடுங்கும், அவ்வளவுதான்" என்பேன். அப்போது அவன் கை நடுங்கவில்லை, வாஸ்தவம். ஆனால் கேட்ட எல்லோரிடமும் அதையேதான் சொன்னேன். ஆளுக்கொன்று சொன்னால் அல்லவா தப்பு.

யாரோ ஒருவர் அதை அவனிடமே கேட்டுவிட்டார். என் அறைக்கு வந்து கையை நீட்டினான்.

"அண்ணா, என் கை நடுங்குதா? உண்மையைச் சொல்லுங்க."

எனக்கே பாவமாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். "லேசாத்தான் தம்பி. மனசுல போட்டுக்காத."

போட்டுக்கொண்டான். டீ குடிக்கும்போதும் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்தான். ஒருநாள் நிஜமாகவே நடுங்கியது. டாக்டர்கள் பல்லைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். எவ்வளவுதான் பொறுப்பது, நான் சத்திரமா நடத்துகிறேன்? வேலையை விட்டு நிறுத்தினேன். விசாவும் அத்தோடு போயிற்று.

விமான நிலையத்துக்கு என் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்குமுன் கேட்டான்.

"அண்ணா, ஊர்ல ஒரு இடத்துல வேலை கேட்டிருக்கேன். உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. கை நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

தோளில் தட்டிக்கொடுத்தேன்.

"வேற எது வேணும்னாலும் கேளு தம்பி. பொய் மட்டும் என் வாயில வராது."