சத்தியக்காரனுக்குப் பிழிந்த சாறு

எலுமிச்சையைப் பிழியுமுன் உள்ளங்கையால் கல்லில் அழுத்தி உருட்ட வேண்டும். உருட்டாதவன் பாதிச் சாற்றைத் தோலோடு எறிகிறான். மண்குவளையை முன்னாலேயே தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; இல்லாவிட்டால் உங்களுக்கு முன் மண் குடித்துவிடும். அப்புறம் ஆரஞ்சு, பம்ப்ளிமாஸ், கொஞ்சம் நாரத்தை. விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், ஒப்துலியா கொடுத்த புகாரில் நான் அவள் புருஷன் ஹசிந்தோவுக்கு “எதையோ கலந்து கொடுத்தேன்” என்று இருப்பதாக விசாரணையில் நீங்கள் படித்துக் காட்டினீர்கள். எதையோ இல்லை ஐயா. நான் கலந்தது எனக்குத் தெரியும். எழுத்து இப்போதுதான் பழகினேன், கை மெதுவாகத்தான் போகும். ஆனால் கலந்ததை மறைக்கிற ஆள் இல்லை நான்.

ஹசிந்தோவும் நானும் அமாத்தித்தான் மேட்டுக் காடுகளில் மீசை முளைக்குமுன்னே கற்றாழை வெட்டப் போனவர்கள். நீளக் கம்பில் வட்டக் கத்தி. தினமும் காலையில் தீட்டிவிட்டுத்தான் இறங்குவோம். இலையைச் சீவிச் சீவிக் கிழங்கை மொட்டையாக்கிப் போட்டால், அது ஆலைக்குப் போய் டெக்கீலாவாகத் திரும்பி வரும். திரும்பி வந்ததை இந்தச் சாற்றில் ஊற்றி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் குடித்தோம். அவன் சின்ன மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அந்த உறவில் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம்.

போன வருஷம் ஒருநாள் போதையில் அவன் அடுப்பை உதைத்தான். கொதிக்கிற சோளக்கஞ்சி அந்தச் சின்னவள் காலில் கொட்டியது. ஒப்துலியா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தொனலாவில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். “ஒரு வருஷத்துக்குக் குடிக்க மாட்டேன்னு மாதாகிட்ட சத்தியம் பண்ணு. அடுத்த திருநாளுக்கு அது முறியாம இருந்தா வரேன்” என்று சொல்லி அனுப்பினாள்.

டிசம்பர் பன்னிரண்டு, குவாதலூப்பே மாதா திருநாளில் அவன் முட்டி போட்டுச் சத்தியம் செய்தான். பக்கத்தில் நானும் முட்டி போட்டேன். சாமியார் ஆளுக்கொரு மாதா படம் கொடுத்தார். என் சத்தியம் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள்வரைகூடத் தாங்கவில்லை. அவனுடையது தாங்கியது.

எங்கள் ஊரில் ஒருவன் “சத்தியத்தில் இருக்கேன்” என்று சொல்லிவிட்டால், எப்பேர்ப்பட்ட குடிகாரனும் நீட்டிய குவளையைப் பின்னால் இழுத்துக்கொள்வான். வற்புறுத்த மாட்டான். நானும் வற்புறுத்தவில்லை. அதை எந்தக் கோவிலிலும் நின்று சொல்வேன்.

அவனாகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டு முற்றத்துக்கு வந்தான்.

“கொம்பாத்ரே, எனக்கு டெக்கீலா வேணாம்யா. அந்தக் குவளைதான் வேணும். உதட்டுல உப்பு ஒட்டணும், காரம் மூக்குல ஏறணும்.”

“குதிரை இல்லாம சேணத்துல உக்காந்து ஊர்கோலம் போறேங்கற.”

“அந்தச் சேணத்தையாச்சும் குடுய்யா. வெறுந்தரையில உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு.”

சிரித்தோம். பிழிந்து கொடுத்தேன். அன்று அதில் ஒரு சொட்டுகூட இல்லை. பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹசிந்தோ நல்லவன். என் சத்தியம் முறிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், “நிக்கானோர் முயற்சி பண்ணிட்டிருக்கான், விடுங்க” என்பான். கோவில் வகுப்பில் எழுத்துப் படிக்க என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனதும் அவன்தான். நான் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் என் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சினைமாட்டைத் தடவுவதுபோல முதுகில் தட்டிக்கொடுப்பான். ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் விட்டிருப்பேன். திட்டவில்லை. தினமும் தட்டிக்கொடுக்கிற கையை எவ்வளவு நாள் ஒரு மனுஷன் முதுகில் சுமப்பான்? நீங்களே சொல்லுங்கள்.

டெக்கீலாவை மோப்பத்திலேயே கண்டுபிடிக்காத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. அதனால் காரத்தை முதலில் ஏற்றினேன். காய்ந்த மிளகாயைச் சட்டியில் கறுக்க வறுத்து, விதையோடு நசுக்கி, சாற்றில் ஊறவைத்தேன். வாரம் போகப் போக மிளகாயைக் கூட்டினேன். அவன் கண்ணில் நீர் வழிய வழியக் குடித்தான். மழைக்காலம் வந்தபோது, “இன்னும் கொஞ்சம் காரம் போடுய்யா” என்று அவனே கேட்டான். நாக்கு மரத்துவிட்டது என்று தெரிந்தது. மிச்ச வாசனையை நாரத்தையின் கசப்பு பார்த்துக்கொள்ளும். அன்றுதான் புட்டியின் மூடியளவு ஊற்றினேன். அடுத்த வாரம் இரண்டு மூடி. பிறகு மூடியால் அளப்பதை விட்டுவிட்டேன்.

“என்னய்யா, இன்னைக்குக் காரம் நெஞ்சு வரைக்கும் இறங்குது?”

“மிளகாய் புதுசு.”

“அடுத்த வாரமும் இதையே போடு.”

வீட்டுக்குப் போகும்போது பாடிக்கொண்டே போனான். ஒருநாள் என் தோளைக் கட்டிக்கொண்டு சொன்னான்: “குடிக்காமலே இவ்ளோ சந்தோஷமா இருக்கேன் பாரு கொம்பாத்ரே. எல்லாம் மாதா செய்யிற வேலை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிம்மதியாக இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் முட்டி போட்ட இரண்டு பேர் மறுபடி ஒரே உயரத்துக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். சிநேகிதம் என்றால் அதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

நவம்பர் முடிகிற நேரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னவளுக்கு வாங்கிய புது ஷூவைக் காட்ட வந்தான். சிவப்பு நிறம். ஒப்துலியா திருநாளன்று காலைப் பேருந்தில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஷூவை மேசைமேல் வைத்துவிட்டு, சாற்றைக் கடைசிவரை குடித்து, குவளையின் அடி உப்பையும் விரலால் வழித்தான். அப்போது சொன்னேன். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. புட்டியை எடுத்து ஷூவுக்குப் பக்கத்தில் வைத்து, மழைக்காலத்திலிருந்து அவன் குடிப்பது எது என்று சொன்னேன்.

“விளையாடாதய்யா” என்றான். குவளையை மோந்து பார்த்தான். இன்னொரு தடவை மோந்து பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து மாதா படத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தான். புட்டியைத் தானே எடுத்து ஊற்றிக்கொண்டான். நான் ஊற்றவில்லை ஐயா. இந்த வரியின் கீழ் வேண்டுமானால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை. திருநாளன்று ஒப்துலியா பேருந்தைவிட்டு இறங்கியபோது வாசலில் விழுந்து கிடந்தான். அதே பேருந்தில் திரும்பிப் போய்விட்டாள். அதே வாரம் காலையில் போதையோடு காட்டில் இறங்கி, வட்டக் கத்தியைத் தன் காலிலேயே வீசிக்கொண்டான். வேலையில் இறங்கினால் ஆளுக்கொரு வரிசை, ஆளுக்கொரு மூலை. கோவேறு கழுதைக்காரன் கிழங்கு ஏற்ற வந்து பார்க்கும்போது அவன் ரத்தம் முழுவதையும் மண் குடித்துவிட்டிருந்தது.

கத்தியைப் பிடித்தது நான் இல்லை. சத்தியத்தில் இருப்பவனுக்குச் சாறு கொடுத்தால் தண்டனை என்று உங்கள் சட்டத்தில் எந்த வரியும் இல்லை என்று நீங்களே முணுமுணுத்தீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

கடைசியாக அவன் என்னிடம் ஏதாவது பேசினானா என்று கேட்டிருந்தீர்கள். பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை, படத்தைக் கவிழ்ப்பதற்கு முன் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்: “கொம்பாத்ரே, தெரியாம குடிச்சதுய்யா. மாதா இதையும் முறிஞ்சதாத்தான் வச்சுக்குவாளா?”

அந்தக் கேள்வியை அவனுக்கு முன்பே கேட்டவன் நான். முதல் மூடியை ஊற்றுவதற்கு முந்தின நாள் கோவில் வாசலில் சாமியாரை நிறுத்திக் கேட்டேன். “தெரியாம நடந்தா சத்தியம் எப்படிப்பா முறியும்? அது அப்படியேதான் இருக்கும். யாருக்காகக் கேக்கற?” என்றார். தெரிந்த ஆள் ஒருத்தருக்காக என்றேன்.

ஆக, ஹசிந்தோ என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தபோது அவன் சத்தியம் முழுசாகத்தான் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அது எனக்குத் தெரியும்.

“ஆமாய்யா, முறிஞ்சதுதான்” என்றேன்.

சாற்றின்மேல் பழி போடாதீர்கள். சாறு நன்றாகவே இருந்தது.