சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால்

அரியலூர் போகும் பஸ், மூடாத சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்தது. குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினேன். மூச்சு முட்டுமோ என்று உடனே விலக்கினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் தொறந்துபோட்டு ஓட்டுறாராக்கா?"

"லோடுமேல போத்தச் சொல்லி ஓனர் தார்ப்பாய் குடுத்தாருடி. நாந்தான் வாங்கி வூட்டு வாசல்ல கட்டிட்டேன்."

"நல்ல கூத்து! எதுக்கு?"

"புள்ளைக்கு இழுப்பு. லாரித் தூசி ஆவாதுன்னாரு டாக்டரு."

"இப்ப தேவலையா?"

"எங்க? தெனம் நம்ம வூட்டு வழியாத்தான் லோடு ஏத்திட்டு வர்றாரு. ஆரன் சத்தம் கேட்டா போதும், 'அப்பா'ன்னு தார்ப்பாயை விலக்கிட்டு ரோட்டுக்கே ஓடிடுது. வண்டி மறையிறவரைக்கும் அந்தப் புழுதியிலயே நின்னு கையாட்டுது."