போபோடி மழையைப் பொய்யென்று விடாதவருக்கு

மழையை அளக்க மக்களை அழைத்த மாண்பே! வானத்தை அறிவது வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று, வாசல் தெளிக்கும் கைக்கும் அதில் வேலையுண்டு என்று வாதாடி வென்ற வல்லமையே! சலிக்காமல் நடந்து, சளைக்காமல் பேசி, சந்துபொந்தெல்லாம் மழைமானி நட்ட சான்றோரே! எங்கள் மக்கள் மழை மையத்தின் களப்பணி ஒருங்கிணைப்பாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் அம்மா மங்கையர்க்கரசி அவர்களே! வணக்கம்.

மராத்தியில் ஒரு மடல் சற்று முன்னர்தான் வாசிக்கப்பட்டது. அதுவே போதுமென்று இருந்தோம். புனேயின் போபோடிப் பகுதித் தமிழ்ப் பெண்கள் விடவில்லை. "எங்க அம்மாவுக்கு எங்க பாஷையிலயும் படிக்கணும், ஆமா!" என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஆகவே இம்மடல். வாசிக்கும் ஸ்ரீவித்யா பிறந்து வளர்ந்தது புனேயில். இடையிடையே அவர் தடுமாறினால் உணர்ச்சிப் பெருக்கு என்று கொள்க. உண்மையில் எழுத்துக் கூட்டுகிறார்.

பொதுமக்களை அறிவியலுக்குள் அழைத்து வருவது எளிதென்று எண்ணுபவர்கள் உங்களுடன் ஒரு நாள் நடந்திருக்க வேண்டும். விமான் நகரில் கணினிக்காரர்கள் ஜூனில் ஆர்வமாய்ச் சேர்ந்து ஜூலையில் அயர்ந்து போனார்கள். சிஞ்ச்வட் குடியிருப்புகளில் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்குவதற்குள் மழைக்காலமே முடிந்தது. போபோடியிலோ வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர் மாடசாமியின் மனைவி விசாலம், "மழை பெய்யுதுன்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு டப்பா எதுக்கும்மா? தலையில விழுந்தா தெரியாதா?" என்று கேட்டாராம். நீங்கள் சிரித்துவிட்டு, "உங்களுக்குத் தெரியும் தாயி. எவ்வளவு பெஞ்சுதுன்னு மத்தவங்களுக்கு யார் சொல்றது?" என்றீர்களாம். அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்து இருபத்துமூன்று வீடுகள் மழைமானி வைத்தன.

காலை எட்டரைக்கு அளவு வர வேண்டும். எட்டு முப்பத்தைந்துக்கு வராவிட்டால் உங்கள் தொலைபேசி அழைப்பு வரும். கல்யாண வீடா, காய்ச்சலா, பல் பிடுங்கும் நாற்காலியா, எதுவும் உங்களைத் தடுத்ததில்லை. நாளை முதல் அந்த அழைப்பு வராது என்பதில் எங்களுக்கு வருத்தம்தான் என்று அளவு சொல்லும் வீட்டார் எழுதச் சொன்னார்கள். அப்பாடா என்றும் இருக்கிறது; பொய் சொல்வானேன்!

அம்மா, இனிச் சொல்லப்போவது எங்களுக்குச் சுலபமில்லை. உங்கள் பணிக்காலத்தின் கடைசி நான்கு மாதங்களில் எங்கள் எல்லோருக்கும் தூக்கம் கெட்டது. மூன்றாண்டுப் பதிவுகளைச் சரிபார்க்க வந்த அதிகாரி, போபோடி அட்டவணையைப் பார்த்ததும் புருவம் உயர்த்தினார். மேகமே இல்லாத நவம்பரில் விசாலம் வீட்டில் தினமும் இரண்டு மில்லிமீட்டர்! அதே நாள்களில் மும்தாஜ் வீட்டில் மூன்று! "வீட்டிலேயே உட்கார்ந்து இட்டுக்கட்டியிருக்கிறார்கள்" என்று எழுதி, இருபத்துமூன்று வீட்டுப் பதிவுகளையும் நீக்கும்படி பரிந்துரைத்து, ஒப்புதல் கையெழுத்துக்காக அந்தத் தாளை உங்கள் மேசைக்கு அனுப்பினார்.

நீங்கள் போடவில்லை. நாங்கள், வெட்கத்தோடு சொல்கிறோம், போடச் சொன்னோம். "இத்தனை வருஷம் உழைச்சாச்சு. போற நேரத்துல எதுக்கும்மா வம்பு? கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியாப் போங்க" என்று தேநீர் வேளையில் வந்து வந்து சொன்னோம். அட்டவணை போடும் முகமது ரஃபீக் ஒருபடி மேலே போய், பேனாவையே மூடி கழற்றி நீட்டினார். நீங்கள் கோபப்படவில்லை. "பொய் எழுதுறவன் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துட்டுத்தான் எழுதுவான் ரஃபீக். வெயில் காயுற நாள்ல மழைன்னு எழுத எவனுக்குத் தைரியம் வரும்? அவங்க பார்த்ததைத்தான் எழுதியிருக்காங்க" என்றீர்கள். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் காலையே சிஞ்ச்வடில் லோக்கல் ரயிலேறி, எட்டரைக்கு முன்னரே விசாலத்தின் மாடியில் நின்றீர்கள். வெயில் கொளுத்தியது. மழைமானியிலோ இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர் சமர்த்தாய் நின்றது. மழை நாளில் அளந்த பிறகு எப்படிக் கொட்டுவாய் என்று கேட்டீர்கள். அவர் கொட்டிக் காட்டினார், அடியில் கொஞ்சம் நிறுத்தி! முழுவதும் கவிழ்க்கவில்லையா என்றதும் விசாலம் பதறிப்போனாராம்: "ஐயய்யோ! தண்ணிப் பாத்திரத்தைச் சொட்டு விடாம கவுக்கலாமாம்மா? வீட்டுக்கு ஆகுமா? அரிசிப் பானையையே அப்படித் துடைக்க மாட்டோமே!" அடுத்த வீட்டு மும்தாஜும் அதையே சொன்னார்: "பரக்கத், வீட்டு வளம் போயிடும்லா." மிச்சம் வெயிலில் வற்றினால், வெறும் பாத்திரமாய் இருக்கலாகாதென்று அவரவர் வழக்கப்படி அதே அளவு ஊற்றியும் வைத்திருக்கிறார்கள். இருபத்துமூன்று வீட்டிலும் இதே கதை. கொட்டச் சொன்னீர்கள், வீட்டுப் பாத்திரத்தை எப்படிக் கொட்டுவார்களோ அப்படிக் கொட்டினார்கள். அதைவிட, அன்று மாலை உங்கள் சொந்த பால்கனி மழைமானியை எட்டிப் பார்த்து, அதிலும் ஒரு மில்லிமீட்டர் நிற்கக் கண்டு நீங்கள் தலையில் அடித்துக்கொண்டதை நீங்களே சொல்லிச் சிரித்தீர்களே, அதை நாங்கள் மறக்கவே மாட்டோம்!

பிழை தெரிந்ததோடு நீங்கள் நிற்கவில்லை. எந்த வீட்டில் எவ்வளவு மிச்சம் என்பதை அந்த மழையில்லா நாள்களின் பதிவே காட்டிக் கொடுத்தது. விசாலம் வீட்டில் இரண்டு என்றால் மூன்றாண்டும் இரண்டுதான். மும்தாஜ் வீட்டில் மூன்றென்றால் மூன்றுதான். அத்தனை கைகளும் அவ்வளவு ஒழுங்கு! ரஃபீக் நீட்டிய பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டு மிச்சத்தையும் கழித்து, மூன்று மழைக்காலத்தையும் புதிதாய்க் கணக்கிட்டார். பக்கத்துத் தானியங்கி மழைமானியோடு ஒப்பிட்டால் மயிரிழை வித்தியாசம்தான். பொய்ச் சாட்சியாய் நின்ற நவம்பர் மாதமே அவர்களுக்கு மெய்ச் சாட்சியாயிற்று.

அந்தக் கணக்கை அதிகாரிக்கு அனுப்பினீர்கள். ஆனாலும் பதில் வரவில்லை. வாரங்கள் போயின. ஓய்வு நாள் நெருங்கியது. போபோடியில் பெண்கள் அளப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அளவைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பொய்க்காரி என்ற சொல் தெருவில் பரவிவிட்டதே! சென்ற செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பதிவுகள் திருத்தத்தோடு முழுமையாக ஏற்கப்பட்டன. இட்டுக்கட்டியவை என்ற குறிப்பு நீக்கப்பட்டது. நீங்கள் அதை இரண்டு முறை படித்தீர்கள். பிறகு விசாலத்துக்குத் தொலைபேசினீர்கள். மறுமுனையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப நாங்க பொய் சொல்லலைன்னு எழுதிட்டாங்களாம்மா?" எழுதிவிட்டார்கள் என்று சொன்ன நீங்கள், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்கள். எங்களுக்கும் அன்றுதான் மூச்சு வந்தது.

பெருமைக்குரிய அம்மா! உடல் நோயின்றி, உள்ளம் குறையின்றி, முழங்கால் வலி முற்றும் நீங்கி, பேரன்பு சூழப் பல்லாண்டு வாழ்க! காலை எட்டரைக்கு இனி நீங்கள் தூங்கலாம். அளவு வந்து சேரும், நம்புங்கள். போய் வருக என்று மனமாரச் சொல்கிறோம். அந்தத் தாளில் உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்ன நாங்கள், நீங்கள் போடாததால், இன்று இந்த மடலில் அந்த இருபத்துமூன்று வீட்டாருக்குக் கீழே எங்கள் கையெழுத்தைப் போடுகிறோம்.

விசாலம், மும்தாஜ் முதலான போபோடி வீட்டார் இருபத்துமூவர்
அவர்களுக்குக் கீழே,
முகமது ரஃபீக், ஸ்ரீவித்யா மற்றும் பணியாளர்கள்
மக்கள் மழை மையம், புனே